பங்கீட்டுக் காலத்துச் சிரிப்பு

1949 ஏப்ரலில் வெளிவந்த 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ' ஓர் அஞ்சலியோடு தொடங்குகிறது. திரையில் ஒரு மலர்வளையம். அதன் நடுவே உணவுப் பங்கீட்டுப் புத்தகமும் துணிக் கூப்பன்களும். கொட்டகை முழுக்கச் சிரித்திருக்கும். ஆனால் படம் பார்த்து வீடு திரும்பியவர்கள் மறுநாள் காலை அதே புத்தகத்தை எடுத்துக்கொண்டுதான் இறைச்சிக் கடைக்குப் போயிருப்பார்கள். துணிப் பங்கீடு மட்டும் அந்த ஆண்டு மார்ச்சில் நீங்கியிருந்தது. இறைச்சிக்கு 1954 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர் நடந்த ஆண்டுகளில் பங்கீடு இல்லாமல் கிடைத்த ரொட்டியைக்கூட, வென்ற பிறகு, 1946 முதல் 1948 வரை அளந்து கொடுத்தார்கள்.

பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆங்கிலேயரின் நகைச்சுவை உணர்வை ரத்தத்தில் ஊறிய குணம்போலச் சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தப் படங்களில் எனக்குத் தெரிவது, விதிக்கு அடங்கி வாழப் பழகிவிட்ட ஒரு சமூகம் அந்த விதி எதற்காக என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் தருணம். கேள்வி கூர்மையாக இருக்கும் படம் இன்றும் நிற்கிறது. மழுங்கிப்போன படத்தில் சேட்டை மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் கேள்வி மிகக் கூர்மையாக ஒலித்தது 1947க்கும் 1955க்கும் இடையில், மேற்கு லண்டனில், ஈலிங் என்ற ஒரு சிறிய ஸ்டுடியோவில்.

அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஃபிரெட் கார்னோவின் மேடைக் குழுவில் பயிற்சி பெற்ற இரண்டு இளைஞர்கள் 1910இல் ஒன்றாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஒருவர் சார்லி சாப்ளின், மற்றவர் ஸ்டான் லாரல். பிரிட்டனின் ஆகப் பெரிய நகைச்சுவைத் திறமைகள் இரண்டும் அப்படித்தான் ஹாலிவுட்டின் சொத்தாயின. நாட்டில் தங்கியவர்கள் மியூசிக் ஹால் மேடையிலிருந்து வந்தவர்கள்: லங்காஷயர் பஞ்சாலைப் பகுதியின் குரலாக கிரேசி ஃபீல்ட்ஸ், சிறு கிடாருடன் பாடிக்கொண்டே மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஜார்ஜ் ஃபார்ம்பி, திறமையில்லாத அதிகாரியாகவே வாழ்ந்துகாட்டிய வில் ஹே. இவர்களில் வில் ஹேயிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1937இல் வந்த 'ஓ, மிஸ்டர் போர்ட்டர்!' படத்தில் ரயில் நிற்காத ஒரு நிலையத்துக்கு அவர் நிலைய அதிகாரியாகப் போகிறார். ரயில் நிற்காவிட்டாலும் அதிகாரம் அதிகாரம்தான் என்று அவர் நடந்துகொள்ளும் விதத்தில், பின்னால் வரப்போகிற பெரிய படங்களின் விதை கிடக்கிறது.

மைக்கேல் பால்கன் 1938இல் ஈலிங் ஸ்டுடியோவின் பொறுப்பை ஏற்றார். 'கூட்டுணர்வுள்ள ஸ்டுடியோ' என்ற பொருளில் அங்கே சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்தாளர்களும் இயக்குநர்களும் மாதச் சம்பளக்காரர்கள். எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர் பிரித்துப் போடுவார்கள். விவாதம் முடியாவிட்டால் தெருவுக்கு எதிரே இருந்த ரெட் லயன் மதுக்கடையில் தொடரும். 1944இல் ராங்க் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களுக்குப் பணத்தையும் திரையரங்குகளையும் தந்தது. என்ன எடுப்பது என்ற உரிமை பால்கனிடமே இருந்தது. பிரிட்டனையும் பிரிட்டிஷ் குணத்தையும் திரையில் காட்டுவதுதான் தம் வேலை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த 'பிரிட்டிஷ் குணத்தை' உருவாக்கியவர்கள் யார் என்று பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. பால்கன் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தின் பிள்ளை. பிம்லிகோ படத்தை இயக்கிய ஹென்றி கார்னீலியஸ் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக் பாஸ்டனில் பிறந்து கிளாஸ்கோவில் தாத்தாவிடம் வளர்ந்தவர். 'விஸ்கி கலோர்!' தயாரிப்பாளர் மோன்யா டானிஷெவ்ஸ்கி ரஷ்யாவில் பிறந்தவர். 'த லேடிகில்லர்ஸ்' எழுதிய வில்லியம் ரோஸ் அமெரிக்கர். இந்த இளைஞர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த அல்பெர்ட்டோ கவல்கான்டி பிரேசில்காரர். 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'வுக்கும் 'த லாவெண்டர் ஹில் மாப்'புக்கும் இசையமைத்த ஜார்ஜ் ஓரிக் பிரெஞ்சுக்காரர். ஒரு வீட்டின் பழக்கவழக்கம் அந்த வீட்டில் பிறந்தவனுக்குக் கண்ணில் படாது. வந்து சேர்ந்தவன்தான் எந்த நாற்காலியில் யார் உட்காரக் கூடாது என்பதைக் கவனித்துக் கற்கிறான். ஈலிங் படங்களில் ஆங்கிலேய நடத்தை இவ்வளவு துல்லியமாகப் பதிவானதற்கு அந்தக் கவனிப்பு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

பிம்லிகோ கதை எளியது. வெடிக்காமல் கிடந்த ஜெர்மன் குண்டு ஒன்று வெடிக்கிறது. பள்ளத்தில் ஒரு புதையலும் பழைய சாசனமும் கிடைக்கின்றன. சாசனத்தின்படி அந்தத் தெருக்கள் பர்கண்டி பிரபுவுக்குச் சொந்தம். அதாவது பிம்லிகோ இங்கிலாந்தே இல்லை. பங்கீட்டுப் புத்தகங்களைக் கிழித்தெறிகிறார்கள். மதுக்கடை மூடும் நேரம் போய்விடுகிறது. உடனே நகரத்தின் கள்ளச்சந்தைக்காரர்கள் அத்தனை பேரும் வந்து குவிகிறார்கள். அரசாங்கம் முள்வேலி போடுகிறது. தண்ணீரை நிறுத்துகிறது. வேலிக்கு வெளியே நிற்கும் லண்டன்வாசிகள் உள்ளே ரொட்டியையும் காய்கறியையும் வீசுகிறார்கள். கடைசியில் சமரசம், விருந்து, விருந்தினர் ஒவ்வொருவர் கையிலும் புதிய பங்கீட்டுப் புத்தகம். அந்த நொடியில் வெயில் மறைந்து மழை கொட்டுகிறது.

இதை எழுதிய டி.இ.பி. கிளார்க்குக்குப் பொறி தந்தது ஓர் உண்மைச் செய்தி. 1943 ஜனவரியில் நாடு கடந்து வாழ்ந்த நெதர்லாந்து இளவரசி ஜூலியானாவுக்கு ஒட்டாவா மருத்துவமனையில் குழந்தை பிறக்கவிருந்தபோது, பிள்ளையின் குடியுரிமையில் சிக்கல் வரக் கூடாதென்று, பிரசவ இடம் கனடாவின் எல்லைக்குள் அடங்காது என்று கனடா அரசு அறிவித்தது. ஒரு காகிதத்தால் ஓர் அறை நாட்டைவிட்டு விலகலாம் என்றால் ஒரு தெருவும் விலகலாம் அல்லவா? பிம்லிகோ மக்கள் சட்டத்தை மீறவே இல்லை. இன்னும் பழைய சட்டம் ஒன்றைக் காட்டித்தான் விடுதலை பெறுகிறார்கள். இங்கிலாந்தைவிட்டு வெளியேறும் உரிமைக்காகப் போராடுவதே ஆங்கிலேயத்தனம் என்று அதில் ஒரு பாத்திரம் வாதிடும் இடம் வரும். படத்தின் முழு மனமும் அங்கே இருக்கிறது.

படம் பிடிக்கப்பட்ட இடம் பிம்லிகோ இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் லாம்பெத்தில், குண்டு விழுந்து வெறுமையான நிலத்தில், 1948 கோடையில் அந்தத் தெருவை எழுப்பினார்கள். சாப்ளின் வறுமையில் வளர்ந்த பகுதி அது. அதே 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் மேற்கிந்தியத் தீவுகளின் மக்களை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. அயலான் யார், குடிமகன் யார், எல்லையில் யாரை நிறுத்துவது என்று கேட்டுச் சிரிக்கும் படத்துக்குள் அந்தப் பயணிகளில் ஒருவரின் சாயல்கூட இல்லை. ஈலிங் அவர்களை முற்றாக மறந்தது என்று சொல்லமாட்டேன். 1951இல் பேசில் டியர்டன் இயக்கிய 'பூல் ஆஃப் லண்டன்' படத்தில் ஏர்ல் கேமரன் கறுப்பின மாலுமியாகக் கண்ணியத்தோடு நடித்தார். ஆனால் அது குற்றக்கதை. கேலி செய்துகொள்ளும் குடும்ப வட்டத்துக்குள் வெள்ளையர்கள் மட்டுமே உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் படங்களை நேசிக்கிறவன் இதைச் சொல்லாமல் நேசிக்க முடியாது.

பிம்லிகோவுக்கு இரண்டு மாதம் கழித்து, 1949 ஜூனில் 'விஸ்கி கலோர்!' வந்தது. அதற்கும் உண்மைச் சம்பவமே வேர். 1941 பிப்ரவரியில் 'பொலிட்டீஷியன்' என்ற சரக்குக் கப்பல் ஸ்காட்லாந்தின் எரிஸ்கே தீவருகே பாறையில் மோதியது. அதன் சரக்கில் பெருமளவு விஸ்கி. தீவு மக்கள் படகுகளில் போய் இறக்கிக்கொண்டார்கள். காம்ப்டன் மெக்கென்சி அதை நாவலாக்க, மெக்கென்ட்ரிக் தம் முதல் படமாக பாரா தீவில் அதை எடுத்தார். மழை படப்பிடிப்பை இழுத்தடித்தது. தீவு மக்களே துணை நடிகர்களானார்கள்.

அந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இது. போரால் விஸ்கி தீர்ந்து வறண்டு கிடக்கும் தீவு. கப்பல் கண்ணெதிரே மூழ்கிக்கொண்டிருக்கிறது. ஆண்கள் எல்லோரும் படகைத் தள்ளத் தயாராக நிற்கிறார்கள். நள்ளிரவு மணி பன்னிரண்டு அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிறந்துவிட்டது, ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது. அத்தனை பேரும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போகிறார்கள். அடுத்த நாள் முழுவதும் கடலைப் பார்த்தபடி, கப்பல் முழுகிவிடுமோ என்று வெந்துகொண்டே தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். திருட்டுக்குத் துணிந்தவர்கள் ஓய்வுநாளை மீறத் துணியவில்லை. அவர்களுக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. சுங்கச் சட்டம் வெளியிலிருந்து வந்தது, ஓய்வுநாள் அவர்களுடையது. எந்த விதி தன்னுடையது, எந்த விதி தன்மேல் சுமத்தப்பட்டது என்பதை மக்கள் உடம்பால் அறிவார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன படம் எனக்குத் தெரியாது. அரசுக்காக அந்த விஸ்கியைக் காக்கத் துடிக்கும் கேப்டன் வாகெட் கெட்டவர் அல்ல. நேர்மையானவர், கடமை தவறாதவர், எல்லா விதியும் ஒன்றே என்று நம்புகிறவர். அதனால் தனித்து நிற்கிறார். அவரைப் பார்த்துச் சிரிக்கும்போதே எனக்கு அவர்மேல் இரக்கமும் வருகிறது. மெக்கென்ட்ரிக்கும் அவர்மேல் பரிவு கொண்டிருந்தார்.

அதே மாதம் ராபர்ட் ஹேமரின் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரனெட்ஸ்'. ஈலிங்கின் மற்ற எல்லாப் படங்களையும் இழக்கலாம், இதை மட்டும் இழக்கக் கூடாது என்று நான் சொல்வேன்.

பிரபு குடும்பத்துப் பெண் ஒருத்தி இத்தாலியப் பாடகனை மணந்ததால் விலக்கப்படுகிறாள். ஏழ்மையில் சாகிறாள். குடும்பக் கல்லறையில் இடம் வேண்டும் என்ற அவளுடைய கடைசி ஆசையையும் டஸ்காய்ன் குடும்பம் மறுக்கிறது. துணிக்கடையில் வேலை பார்க்கும் அவள் மகன் லூயி மஸ்ஸினி, தனக்கும் பட்டத்துக்கும் இடையே நிற்பவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்ட முடிவு செய்கிறான். அந்தக் குடும்பத்து எட்டுப் பேரையும், லேடி அகதா என்ற பெண்மணி உட்பட, அலெக் கின்னஸ் நடித்தார். முதலில் அவருக்குத் தர நினைத்தது நான்கு வேடங்கள். ஏன் எட்டும் கூடாது என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு காட்சியில் ஆறு டஸ்காய்ன்கள் ஒரே சட்டகத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் கேமராவை அசையாமல் பூட்டி, லென்ஸின் ஒரு பகுதியை மட்டும் திறந்து படம் பிடித்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, கின்னஸ் அடுத்த வேடம் போட்டு வந்ததும் அடுத்த பகுதியைத் திறந்தார். யாராவது கேமராவைத் தொட்டுவிட்டால் எல்லாம் பாழ் என்று இரவில் அதன் அருகிலேயே படுத்துக்கொண்டார்.

வித்தையைப் பலரும் வியந்துவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியம் லூயியாக நடித்த டென்னிஸ் பிரைஸின் குரல். தூக்குக்கு முந்தைய இரவில் லூயி தன் வரலாற்றை எழுதுகிறான். படம் முழுதும் அந்த எழுத்தின் குரல் ஓடுகிறது. ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. கொலைகளை அவன் சொல்லும் தொனி, விருந்துக்கு நன்றி தெரிவித்து எழுதும் கடிதத்தின் தொனி. மேட்டுக்குடி இங்கிலாந்தின் மொழியை அந்த மேட்டுக்குடியைவிட அழகாகக் கையாளுகிறான் அவர்கள் துரத்திய பெண்ணின் மகன். எட்டுப் பேரில் இருவர் தாமாகவே இறக்கிறார்கள். மற்ற ஆறு பேரையும் லூயி கொல்கிறான். ஆனால் தண்டனை கிடைப்பது அவன் செய்யாத கொலைக்கு. பிரபு என்பதால் அவனைப் பிரபுக்கள் சபைதான் விசாரிக்கிறது. அப்படியொரு தனி உரிமை பிரிட்டனில் உண்மையிலேயே 1948 வரை இருந்து, படம் வருவதற்குச் சற்று முன்புதான் ஒழிக்கப்பட்டது. தூக்குப்போட வந்தவரோ பிரபுவை எப்படி விளித்துப் பேச வேண்டும் என்று கவலைப்படுகிறார். பட்டுக் கயிற்றைக் கையாண்ட பிறகு சாதாரணச் சணலுக்குத் திரும்ப மனம் வராது, ஓய்வு பெறப்போகிறேன் என்கிறார். மரியாதை என்பது ஒரு வர்க்கம் தன் கொடுமையைப் போர்த்திக்கொள்ளும் துணி என்று ஆயிரம் கட்டுரைகள் சொல்லலாம். ஹேமர் அதை அந்த ஒரு கயிற்றில் சொல்லிவிட்டார்.

முடிவில் லூயி விடுதலையாகிறான். சிறை வாசலில் இரண்டு வண்டிகள், இரண்டு பெண்கள். யாரைத் தேர்வது என்று யோசிக்கையில், எழுதிய வரலாற்றை அறையிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வருகிறது. பிரிட்டனில் படம் அத்தோடு முடிந்தது. அமெரிக்கத் தணிக்கை நெறி குற்றத்துக்குத் தண்டனை வேண்டும் என்று வற்புறுத்தியதால், கையெழுத்துப் பிரதி அதிகாரிகள் கையில் கிடைப்பதாகச் சில நொடிக் காட்சியை அங்கே ஒட்டினார்கள். அந்தச் சில நொடிகள் பார்வையாளரின்மேல் வைத்த நம்பிக்கையைப் பறித்துவிடுகின்றன. ஹேமர் இதற்கு இணையான இன்னொரு படம் எடுக்கவே இல்லை. குடி அவரை அரித்தது, 1963இல் காலமானார். ஈலிங்கின் ஒழுக்கமான குடும்ப மேசையில் காமமும் வெறுப்பும் இவ்வளவு வெளிப்படையாக உட்கார்ந்தது பால்கனுக்குப் பிடிக்கவில்லை. லூயியின் காதலியாக வரும் ஜோன் கிரீன்வுட்டின் தாழ்ந்த, உரசும் குரல் பேசும் ஒவ்வொரு காட்சியிலும் ஏன் பிடிக்காமல் போனது என்பது புரிகிறது.

1951இல் இரண்டு படங்கள். 'த லாவெண்டர் ஹில் மாப்' பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கிளார்க்குக்கு அது ஆஸ்கர் வாங்கித் தந்தது. தங்கக் கட்டிகளின் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அப்பழுக்கற்ற வங்கி எழுத்தர், அத்தனை வருட நல்ல பெயரையே கருவியாக்கி அந்தத் தங்கத்தைத் திருடி, ஈஃபில் கோபுர பொம்மைகளாக உருக்கி நாடு கடத்துகிறார். எப்படித் திருடலாம் என்று கிளார்க் இங்கிலாந்து வங்கியிடமே போய் யோசனை கேட்டதாகவும் அவர்கள் அக்கறையோடு உதவியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். இனிமையான படம். ஆனால் என்னைத் தூங்கவிடாதது மெக்கென்ட்ரிக்கின் 'த மேன் இன் த வைட் சூட்'.

சிட்னி ஸ்ட்ராட்டன் அழுக்கே படியாத, கிழியவே கிழியாத நூலைக் கண்டுபிடிக்கிறான். உலகத்துக்கு நல்லது செய்துவிட்டோம் என்று நம்புகிறான். ஆலை முதலாளிகள் அதிர்கிறார்கள்: ஒருமுறை விற்ற துணி என்றென்றைக்கும் போதும் என்றால் அடுத்த ஆண்டு ஆலை எதற்கு? தொழிற்சங்கமும் அதே கணக்கைப் போட்டு அதே முடிவுக்கு வருகிறது. இரு தரப்பும் சேர்ந்து அவனைத் துரத்துகின்றன. இருட்டுத் தெருவில் அவனுடைய வெள்ளை உடை ஒளிர்ந்து அவனைக் காட்டிக்கொடுக்கிறது. ஒளிய ஓடுகிறவன் முன்னால் அவன் வீட்டுக்கார அம்மாள் நிற்கிறாள், துணி வெளுத்துப் பிழைக்கும் முதியவள். அழுக்கே படியாவிட்டால் என் வெளுப்பு வேலை என்னாவது என்று கேட்கிறாள். சிட்னியிடம் பதில் இல்லை. படத்திலும் பதில் இல்லை. முதலாளியின் பேராசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கிழவியின் முன்னால் வாயடைத்துப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஓர் ஆலைத் தொழிலாளிப் பெண் அவனுக்குக் காட்டிய அன்பும் அந்த நொடியில் வேறாகத் தெரிகிறது. கடைசியில் உடை தானாகவே பஞ்சுபோல் பிய்ந்து உதிர, துரத்தி வந்த கூட்டம் அவனைச் சுற்றி நின்று சிரிக்கிறது. சினிமாவில் நான் கேட்ட மிகக் கொடூரமான சிரிப்பொலிகளில் அதுவும் ஒன்று.

இந்தப் படத்தில் சிட்னியின் கண்ணாடிக் குழாய்க் கருவி கொப்பளித்து ஒரு தாளம் போடும். மேரி ஹாபர்ஃபீல்ட் என்ற ஒலித்தொகுப்பாளர் உருவாக்கிய ஒலி அது. ஈலிங் ஆண்களின் கூடாரம். அங்கே பெண்களின் பெயர் அரிதாகவே பேசப்படும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த எவரும் முதலில் நினைவுகூர்வது ஹாபர்ஃபீல்டின் அந்தத் தாளத்தைத்தான். எல்லாம் இழந்து தனியே நடந்துபோகும் சிட்னி, குறிப்புப் புத்தகத்தில் எதையோ கண்டு நிற்க, அந்த ஒலி திரும்பக் கேட்கும். அவன் மறுபடியும் தொடங்கப்போகிறான்.

1954 ஜூலையில் பங்கீடு முடிந்தது. 1955இல் ஸ்டுடியோ கட்டடங்கள் பிபிசிக்கு விற்கப்பட்டன. அந்த ஆண்டு வந்த 'த லேடிகில்லர்ஸ்' ஈலிங்கின் கடைசிப் பெரிய நகைச்சுவை. கிங்ஸ் கிராஸ் ரயில் பாதைக்கு மேலே, குண்டுவீச்சில் நிலம் இறங்கி, மாட்டிய படம் நேராக நிற்காத ஒரு வீடு. தனியே வாழும் விதவை வில்பர்ஃபோர்ஸ் அம்மையார். வாடகைக்கு வந்த ஐந்து கொள்ளைக்காரர்கள் இசைக் குழுவினர் என்று நடிக்கிறார்கள். மாடியறையில் கிராமபோனில் போக்கெரினியின் இசை ஓடுகிறது. பணத்தைக் கொள்ளையடிப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. தேநீருக்கு அழைக்கும் கிழவியின் நல்ல பழக்கத்தைத்தான் அவர்களால் தாண்ட முடியவில்லை. அவளைக் கொல்ல முயன்று ஒருவர் பின் ஒருவராக அவர்கள் சாகிறார்கள், உடல்கள் சரக்கு ரயிலில் விழுந்து போகின்றன. அவளுக்கு எதுவும் ஆகவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் காவல் நிலையத்தில் நம்ப மறுத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். போருக்குப் பிந்தைய பிரிட்டனின் கேலிச்சித்திரமாகவே அதை எடுத்ததாக மெக்கென்ட்ரிக் பிற்காலத்தில் சொன்னார். கேட்டி ஜான்சன் தம் எழுபதுகளில் அந்த வேடத்துக்காகச் சிறந்த பிரிட்டிஷ் நடிகைக்கான விருது பெற்றார். மெக்கென்ட்ரிக் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு தொடர்பு உண்டு. 1954இல் ஃபிராங்க் லாண்டர் இயக்கிய 'த பெல்ஸ் ஆஃப் செயின்ட் டிரினியன்ஸ்', அட்டகாசம் செய்யும் பள்ளிச் சிறுமிகளின் படம், ரொனால்ட் சேர்ல் வரைந்த கேலிச்சித்திரங்களிலிருந்து பிறந்தது. முதல் சித்திரம் 1941இல் அச்சானது. சில மாதங்களில் சேர்ல் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் கைதியானார். சயாம்-பர்மா ரயில்பாதையில் கூலியாக வேலை வாங்கப்பட்டார். அங்கே கண்டதை ரகசியமாக வரைந்து, காவலர்கள் நெருங்க அஞ்சும் காலரா நோயாளிகளின் படுக்கைக்கடியில் ஒளித்துவைத்தார். அதே பாதையில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் அதே காலராவில் செத்தார்கள். பிடிபட்ட போர்வீரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் உண்டு. தோட்டத் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. செயின்ட் டிரினியன்ஸ் சிறுமிகள் ஒருவரையொருவர் சித்திரவதை செய்து மகிழ்வதைப் பார்க்கும்போது, போருக்குப் பிறகு சேர்ல் அவர்களை மேலும் மேலும் கொடியவர்களாக வரைந்த கை எங்கே இருந்து திரும்பிய கை என்பதை என்னால் மறக்க முடிவதில்லை.

எட்டு டஸ்காய்ன்களாக நடித்த அலெக் கின்னஸ் அந்தப் பாதையைப் பற்றிய 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்காக இலங்கையின் கித்துல்கலவுக்கு வந்தார். 1957இல் வெளிவந்த டேவிட் லீன் படம், கின்னஸுக்கு ஆஸ்கர். அதிகாரிகளை உடலுழைப்பில் ஈடுபடுத்தக் கூடாது என்ற விதிக்காகச் சாகவும் தயாராகும் கர்னல் நிக்கல்சன், பிறகு எதிரிக்கே குறையில்லாத பாலம் கட்டித் தருகிறார். அது நகைச்சுவைப் படம் இல்லை. ஆனாலும் நிக்கல்சனைக் கேப்டன் வாகெட்டின் உடன்பிறந்தவராகவே நான் பார்க்கிறேன். ஒரு தீவில் சிரிப்பாக இருந்த குணம் இன்னொரு காட்டில் பேரழிவாகிறது. அந்தப் படத்தில் தமிழ்த் தொழிலாளிகள் இல்லை.

1958க்குப் பிறகு பிரிட்டிஷ் சிரிப்பு 'கேரி ஆன்' வரிசையின் கைக்குப் போனது. தயாரிப்பாளர் பீட்டர் ராஜர்ஸ், இயக்குநர் ஜெரால்ட் தாமஸ், பைன்வுட் ஸ்டுடியோ, குறைந்த செலவு, வேகமான படப்பிடிப்பு. முதல் சில படங்களின் பெயர்களே சார்ஜென்ட், நர்ஸ், டீச்சர், கான்ஸ்டபிள். பட்டாளம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், காவல் நிலையம் ஆகியவற்றில் விதியின் முன்னால் உடம்பு கட்டுக்கடங்காமல் போகிறது. தொடக்கப் படங்களில் எளிய மக்களின் உண்மையான குறும்பு இருக்கிறது. இரட்டை அர்த்தமே இலக்காகிவிட்ட பின்னாளையப் படங்களை என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. 1968இல் வெல்ஷ் மலையைக் கைபர் கணவாயாகக் காட்டி எடுத்த படத்தில், முகத்தில் கருமை பூசிய ஆங்கில நடிகர்கள் இந்தியர்களாக வருகிறார்கள். அங்கே யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது எனக்குக் கசக்கிறது. இதே காலத்தில் போல்டிங் சகோதரர்களின் 'ஐம் ஆல் ரைட் ஜாக்' 1959இல் பீட்டர் செல்லர்ஸைத் தொழிற்சங்கத் தலைவராக்கியது. அற்புதமான நடிப்பு. ஆனால் வெள்ளை உடைக்காரனின் படத்திலிருந்த அந்த வெளுப்புக்காரக் கிழவி இதில் இல்லை. கேலி மட்டும் இருக்கிறது.

கேள்வி மறுபடியும் கூர்மையானது மாண்டி பைத்தான் குழுவிடம். 'லைஃப் ஆஃப் பிரையன்' படத்துக்குப் பணம் போட இருந்த இஎம்ஐ நிறுவனம், கதையைப் பார்த்துப் பயந்து கடைசி நேரத்தில் விலகியது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் படத்தைப் பார்க்கும் ஆசையில் தம் சொத்தை அடகு வைத்துப் பணம் தந்தார். டுனீசியாவில் எடுத்து 1979இல் வெளியிட்டார்கள். நார்வே தடை செய்தது. பிரிட்டனில் பல நகராட்சிகள் திரையிட மறுத்தன. மதத்தைப் பற்றிய சண்டையில் ஒரு காட்சி போதிய கவனம் பெறவில்லை. இரவில் ரோமானியருக்கு எதிரான முழக்கத்தைச் சுவரில் எழுதுகிறான் பிரையன். ரோமானிய அதிகாரி அவனைப் பிடிக்கிறான். முழக்கத்தின் பொருள் அவனைத் தொடவில்லை. லத்தீன் இலக்கணப் பிழைதான் அவனைக் கொதிக்க வைக்கிறது. காதைத் திருகி வேற்றுமை உருபைச் சொல்லவைத்து, சரியான வாக்கியத்தை நூறு முறை எழுது என்று தண்டனை கொடுக்கிறான். விடிந்ததும் ஆளுநர் மாளிகைச் சுவர் முழுதும் பேரரசை எதிர்க்கும் முழக்கம், பிழையில்லாமல். கான்வென்ட் பள்ளியில் ஆங்கில இலக்கணத்துக்காக முட்டி போட்டவர்கள் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் அந்தக் காட்சியைத் தங்கள் உடம்பில் உணர்வார்கள். விதியை நேசிப்பவன் விதியாலேயே தன் அதிகாரத்தைக் குலைத்துக்கொள்வதில், ஈலிங் முப்பது ஆண்டு முன்பு தொட்ட இடத்தைப் பைத்தான்கள் முரட்டுத்தனமாக, பயமே இல்லாமல் தொட்டார்கள்.

அந்தக் குழுவின் ஜான் கிளீஸ் அடுத்துத் தேடிப்போனது சார்லஸ் கிரைட்டனை. 1947இல் குண்டு விழுந்த லண்டனில் சிறுவர்கள் ஓடித் திரியும் 'ஹ்யூ அண்ட் கிரை' எடுத்து ஈலிங் நகைச்சுவையைத் தொடங்கிவைத்தவர், லாவெண்டர் ஹில் இயக்கியவர். 1965க்குப் பிறகு அவருக்குப் படவாய்ப்பே இல்லை. தொலைக்காட்சித் தொடர்களும் அலுவலகப் பயிற்சிப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் பல ஆண்டுகள் சேர்ந்து கதையைச் செதுக்கினார்கள். 'எ ஃபிஷ் கால்ட் வாண்டா' 1988இல் வந்தபோது கிரைட்டனுக்கு எழுபத்தேழு முடிந்திருந்தது. இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

அந்தப் படத்தில் கொள்ளைக்கு ஒரே சாட்சி ஒரு கிழவி. அவளைக் கொல்ல அனுப்பப்படும் கென், விலங்குகள்மேல் உயிரையே வைத்திருப்பவன். ஒவ்வொரு முயற்சியிலும் அவளுக்குப் பதில் அவளுடைய நாய்களில் ஒன்று செத்துப்போகிறது. மூன்றாவது நாய் செத்த அதிர்ச்சியில் அவள் மாரடைத்து விழுகிறாள். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஐந்து கொள்ளையர்களால் ஒரு கிழவியைத் தொட முடியவில்லை. அவளுடைய உலகம் சாய்ந்திருந்தாலும் நின்றது. இப்போது அவள் இறந்துபோகிறாள், யாரும் அவளுக்காக நிற்பதில்லை. வழக்கறிஞர் ஆர்ச்சி லீச் நீதிமன்றத்தில், விக்கும் அங்கியும் அணிந்து, சாட்சிக் கூண்டில் நிற்கும் காதலியை எல்லோர் முன்னிலும் செல்லமாக விளித்துவிட்டுத் திகைத்து நிற்கிறான். பிறகு மனைவி, தொழில், நாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவளோடு விமானம் ஏறுகிறான். பிம்லிகோ மக்கள் இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தார்கள். லாவெண்டர் ஹில் எழுத்தர் ரியோவுக்குத் தப்பியும் கைவிலங்கோடு திரும்ப வேண்டியிருந்தது. ஆர்ச்சி திரும்பவில்லை, கிரைட்டனும் அவனைத் திரும்ப அழைக்கவில்லை.